கிழிசல், கிணத்துக்காரன், தூக்கக்காரி

அக்கா,

நேற்று ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். விஜயநகர் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் வருமே, அந்த மெக்கானிக் கடைதான். பெட்ரோல் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அடிக்க, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். டூல் பெட்டிமேல் கிடந்த மெக்கானிக்கின் போனிலிருந்து திடீரென்று நம் பல்வலிக்காரன் பாட ஆரம்பித்தான்.

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. "இந்தப் பாட்டு நீங்க போட்டதா?" என்று கேட்டேன்.

"கொத்தில்லா, தெரியலை மேடம், அதுவே ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கிட்டுப் போவுது. நிறுத்தட்டுமா?"

வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றவள் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். முடியவில்லை. ஹெல்மெட்டை அங்கேயே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். எதற்கு, எங்கே என்று தெரியவில்லை. பூங்காவைச் சுற்றினேன், மருந்துக் கடை வரைக்கும் போனேன், ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்தும் கால் தரையில் நிற்கவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகுகூட இடையிடையே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டு வருகிறேன். நீங்கள் போன நாளிலிருந்து இப்படித்தான். உடம்புக்குள் யாரோ நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

உங்களை அறிமுகப்படுத்தும்போது "இவரோட அக்கா" என்பேன். நாத்தனார் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. கொள்ளேகாலத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கிடைத்த எச்சரிக்கையெல்லாம் உங்களைப் பற்றித்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவர், சம்பாதிக்கிறவர், தம்பி வீட்டில் அதிகாரம் செய்கிறவர். நான் பயந்துகொண்டேதான் வாசற்படி ஏறினேன்.

மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தீர்கள். காலையிலிருந்து மாலைவரை ஒரே குரல். கன்னடத்தில், ஆங்கிலத்தில், தமிழில், எந்த மொழியானாலும் இஸ்திரி போட்ட மாதிரி ஒரே மடிப்பு. "ஒரு நிமிஷம் இருங்க, லைன் கொடுக்கறேன்." வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் ஏன் கல்யாணம் வேண்டாமென்று விட்டாய் என்று கேட்டாலும் அதே குரலில்தான் பதில் வரும்: "லைன் பிஸியா இருக்கு, அப்புறம் முயற்சி பண்ணுங்க."

அந்தக் குரலை வைத்திருந்தவர் மாடியில் துணி காயப்போடும்போது வேறொரு ஆளாக இருந்தார். இடுப்பில் செருகிய வாக்மேன், தலையில் கறுப்பு ஹெட்போன், வாயில் கிளிப். கொடியில் என் மாமியார் புடவையை உதறிப் போட்டுக்கொண்டே தலையை முன்னும் பின்னும் ஆட்டுவீர்கள். முதல் தடவை பார்த்தபோது உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கீழே ஓடப்பார்த்தேன்.

"ஏய், வா இங்கே," என்றீர்கள். "ஸ்வல்ப கேளு." ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினீர்கள்.

உள்ளே ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க்கா, இவனுக்கு என்னாச்சுங்? எங்கூர்ல சோளக்காட்டுல பன்னி வெரட்டறவங்க இப்படித்தான் கத்துவாங்க."

நீங்கள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கிளிப் கீழ்வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. "சரியாச் சொன்னே. ஆனா இவன் எதை வெரட்டறான்னு கேளு. மறுபடி கேளு."

கேட்டேன். அன்றைக்குப் புரியவில்லை. சத்தம்தான் கேட்டது. நீங்கள் விடவில்லை. தினமும் துணி காயும் நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினீர்கள்.

பெங்களூரில் உங்களுடன் பயிற்சி எடுத்த தோழி ஒருத்தி நகலெடுத்து அனுப்பிய ஆங்கிலப் பாட்டுக் கேசட்டுகள் அவை. அட்டையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. பாடகர்களின் பெயர் அவளுக்கும் தெரியாதோ, எழுதச் சோம்பலோ. அதனால் நாமே பெயர் வைத்தோம். தாடையைக் கடித்துக்கொண்டு வார்த்தையை மென்று மென்று விடுகிறவன் பல்வலிக்காரன். அடியாழத்திலிருந்து எதிரொலியோடு வருகிறவன் கிணத்துக்காரன். கீழே மெல்லப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் படியே இல்லாமல் மேலே போய் நிற்கிறவன் மாடிக்காரன். பாதித் தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஆரம்பித்து, நாம் அசந்த நேரத்தில் வீறிடுகிறவள் தூக்கக்காரி. பழைய வேட்டியை நடுவில் பிடித்துக் கிழித்தால் வரும் சத்தம் தொண்டையில் உள்ளவன் கிழிசல்.

எது பெரிய பாட்டு என்று நாம் போட்ட சண்டை இருக்கிறதே! எனக்குத் தூக்கக்காரி. அந்த நீலக் கேசட்டில், முழுப்பாட்டும் யாரோ பக்கத்து அறையில் தூங்குகிறார்கள் என்பதுபோல அடக்கியே பாடிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு இடத்தில் குரலைத் திறந்துவிடுவாள். அந்த இடத்துக்காக நான் உப்புமாவைத் தீய விட்டிருக்கிறேன். உங்களுக்குக் கிழிசல். அதுவும் மேளமெல்லாம் அடிக்கிற பாட்டு இல்லை. வெறும் கிட்டாரோடு மெதுவாகப் பாடியது. நடுவில் அவன் குரல் சரியாக ஏறாமல் உடையும். மறுபடி எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போவான்.

"தப்புதானுங்க்கா அது?" என்று கேட்டேன்.

"தப்புதான். நான் ஆபீஸ்ல அப்படி ஒரு தடவை உடைஞ்சா மெமோ வரும். அவன் உடைஞ்சுட்டு நிக்கறான் பாரு, மறைக்கலே. அதுக்காகத்தான் கேக்கறேன்."

வார்த்தைகள் நமக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் அவர்கள் பாடிய ஆங்கிலம் யாருக்கும் தெரியாது. அதனால் காதில் விழுந்ததையே சொல்லாக்கிக்கொண்டோம். கிழிசலின் ஒரு பாட்டில் வரும் அடி நமக்கு எப்போதும் "மெல்ல வா, மில்லுக்காரா"தான். அது என்னவாக இருக்கும் என்று நாம் தேடியதே இல்லை.

அடுத்ததை எழுதுவதற்குமுன் எழுந்து போய்விட்டு வந்தேன்.

என் முதல் குழந்தை வயிற்றிலேயே போயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் பூனைபோல நடந்தார்கள். வந்தவர்கள் "அழாதே, அடுத்தது வரும்" என்றார்கள். நான் அழவே இல்லையே, அவர்கள் யாரைச் சொன்னார்கள்? எனக்குத் தொண்டையிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. சோறும் இறங்கவில்லை. உங்கள் தம்பி பயந்துபோய்க் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார், என்ன பேசுவது என்று தெரியாமல் செய்தித்தாளை மடித்து மடித்து விரிப்பார்.

நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "புடவை மாத்து, வெளியே போறோம்" என்றீர்கள். மாமியார் வாசலை மறித்தார். பச்சை உடம்புக்காரியை எங்கே கூட்டிப் போகிறாய் என்றார். நீங்கள் ஆபரேட்டர் குரலில், "சாயங்காலத்துக்குள்ள லைன் திரும்பிடும்" என்று சொல்லிவிட்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றினீர்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணம். கோயிலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். கோபுரத்தைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய், ரயில் பாலம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினீர்கள். கரும்பு லாரி ஒன்று தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வாக்மேனை எடுத்து என் காதில் மாட்டினீர்கள். கிழிசல். அந்தக் குரல் உடைகிற இடம் வந்ததும் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரயில் வரும்," என்றீர்கள். "பாலத்து மேல ஏறினதும் யாருக்கும் எதுவும் கேக்காது. கத்து."

"எனக்கு வராதுங்க்கா."

"நானும் கத்தறேன். கத்தறதுக்கு பாட்டு தெரியவேணாம்."

ரயில் பாலத்தில் ஏறியது. முதலில் நீங்கள்தான் கத்தினீர்கள். லைன் கொடுக்கிற அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு. நீங்கள் யாரை நினைத்துக் கத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எனக்குள்ளிருந்தும் ஒன்று கிளம்பியது. கடைசிப் பெட்டி போன பிறகும் அது நிற்கவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அழுதேன். திரும்பும் வழியில் ரோட்டோரக் கடையில் இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டேன்.

அதன் பிறகு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு நாள் அவள்தான் நம் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவராகப் பெயர் கண்டுபிடித்துச் சொன்னாள். நமக்கு அந்தப் பெயர்கள் ஒட்டவில்லை. யாரோ அந்நியர்கள் மாதிரி இருந்தன. நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "அத்தே, இவங்க பாதிப் பேர் இல்லை" என்றாள்.

ஒருவன் போதையில் போனான். ஒருவன் தன்னைத் தானே முடித்துக்கொண்டான். கிழிசல், நாம் அவனைக் கேட்க ஆரம்பித்த காலத்திலேயே உயிரோடு இல்லை.

உங்கள் முகம் எனக்கு மறக்கவில்லை. எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்தீர்கள். சுவர் வரை போவது, திரும்புவது. "இவ்ளோ கத்தியிருக்கான்," என்றீர்கள். "கேட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் கையைத் தட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்களா? என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையா?" மறுபடி சுவர் வரை போய்த் திரும்பினீர்கள். "நானும்தானே," என்றீர்கள். "நானும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுத் துணியைக் காயப்போட்டேன்."

வெகுகாலம் நீங்கள் அந்தக் கேசட்டைத் தொடவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்தது. யாராவது குரலை உயர்த்தினால், அது பால்காரரானாலும் கோபக்கார உறவுக்காரரானாலும், பதிலுக்குக் கோபப்படாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்பீர்கள். உங்கள் தம்பி கேலி செய்வார். ரிட்டயர் ஆன பிறகும் லைன் கொடுக்கிறாள் என்பார்.

அப்புறம் அந்த அவரைக்காய்க் காலம். முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தீர்கள். தெருவெல்லாம் அந்த வாசனை. கையிலிருந்த காய் நழுவியது. எடுக்கப் போனீர்கள், கை போகவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தீர்கள்.

"தா… தா…"

அவ்வளவுதான். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவ்வளவுதான். நாங்கள் பேசுவது உங்களுக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருந்தது, கண்ணில் தெரிந்தது. வெளியே வரும்போது எல்லாம் "தா தா" ஆகிவிட்டது. மூன்று மொழியில் லைன் கொடுத்தவருக்குத் தண்ணீர் என்று கேட்க முடியவில்லை. நான் பாலை நீட்டுவேன், நீங்கள் தலையை ஆட்டுவீர்கள், காபியை நீட்டுவேன், டம்ளர் பறக்கும். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பீர்கள். நிற்கமாட்டீர்கள். அந்த நடை இப்போது எனக்கு வந்திருக்கிறது.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்காக அல்ல, என் மனசுக்காகத்தான் போனில் தூக்கக்காரியைப் போட்டேன். அது முடிந்து கிழிசல் வந்தான். நான் கவனிக்கவில்லை. அந்த அடி வந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"மெல்ல வா… மில்லுக்காரா…"

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நீங்கள் பாடினீர்கள் அக்கா. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. குரல் உங்கள் குரலே இல்லை, கரகரவென்று, அங்கங்கே அறுந்து. ஆனால் சொல் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் இருந்தது. நான் உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்று கேட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் பாடிக் காட்டச் சொன்னேன். அவள் கண் விரியக் கேட்டுவிட்டு, "இது எந்த பாஷை மேடம்?" என்றாள்.

"எங்க பாஷைங்க," என்றேன்.

பேச்சு வருகிற வழி அடைத்துப்போனாலும் பாட்டு வருகிற வழி சிலருக்குத் திறந்திருக்கும் என்று அவள் விளக்கினாள். பிடித்த மெட்டில் தேவையான சொல்லை வைத்து, இடக்கையால் தாளம் தட்டித் தட்டிப் பழக்கலாம் என்றாள். "இவங்களுக்குப் பிடிச்ச மெட்டு எல்லாம் இப்படித்தானா?" என்று கொஞ்சம் கவலையாகக் கேட்டாள். இப்படித்தான் என்றேன்.

அப்படித்தான் தினமும் கட்டிலோரம் நாம் கச்சேரி ஆரம்பித்தோம். "தண்ணி வேணும்" என்பதைக் கிணத்துக்காரன் மெட்டில் வைத்தேன். பிடிக்கவில்லை உங்களுக்கு. மாடிக்காரனில் வைத்தேன், ஏறவில்லை. கிழிசலில்தான் வந்தது. நீங்களாக முதலில் கேட்டது தண்ணீர்கூட இல்லை. தலையணையைச் சரிசெய்கிறேன், போர்வையைச் சரிசெய்கிறேன் என்று உங்களைச் சுற்றிச் சுற்றி வந்த தம்பியைக் கையால் காட்டி, மெட்டுப் பிசகாமல், முழுத்தொண்டையில் பாடினீர்கள்: "போ-கச்-சொல்-லு!"

மெதுவாகப் பாடினால் உங்களுக்குச் சொல் வராது. கத்தினால்தான் வரும். அதுதான் சிக்கல். உங்கள் தம்பி ஜன்னலைச் சாத்துவார். "பக்கத்து வீட்ல என்ன நினைப்பாங்க?" நான் திறப்பேன். அவர் சாத்துவார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரே வாசல் கேட் வரைக்கும் வந்துவிட்டார். பேங்கில் பெரிய வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர், மத்தியானம் தூங்குகிறவர். கன்னடத்தில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்த்துக்கொள்ள நல்ல இல்லங்கள் இருக்கின்றன, இப்படி ஒரு சத்தத்தை லேஅவுட்டில் வைத்துக்கொள்வது யாருக்கும் நல்லதில்லை என்றார்.

உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக வெளியாரிடம் குரல் உயர்த்தியதில்லை. கன்னடத்தில்தான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே அது கைவிட்டுப் போய்க் கொள்ளேகாலத்துப் பேச்சு வந்துவிட்டது.

"அது சத்தமில்லீங்க. பேச்சுங்க. எங்கக்கா பேசறாங்க. உங்க வீட்ல யாராச்சும் பேசுனா நாங்க வந்து நிறுத்தச் சொல்றமா? என்ன பேசறாங்கன்னு கேக்கோணும்னா உள்ள வாங்க, உக்காந்து கேளுங்க. இல்லாட்டி உங்க சன்னலைச் சாத்திக்குங்க. எங்களுது தொறந்துதான் இருக்கும்."

என் குரல் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். அவருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ. அவர் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து நீங்கள் உங்கள் பாட்டை ஆரம்பித்தீர்கள். "போ-கச்-சொல்-லு!"

அவர் போனார். உங்கள் தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், அவரே ஜன்னலை இரண்டு பக்கமும் அகலத் திறந்து கொக்கி மாட்டினார்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் இரண்டாவது தடவை வந்தது. அது நமக்கு நேரமே கொடுக்கவில்லை. காலையில் காபியை நீங்களே கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். டம்ளர் கழுவி வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஜன்னல் இன்னமும் திறந்துதான் கிடக்கிறது. மழைச்சாரல் அடித்தாலும் உங்கள் தம்பி சாத்தவிடுவதில்லை.

இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். போன மாதம் அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் போன் செய்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒருவர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கும் உங்களைப்போலவே பேச்சு போய்விட்டது. பாட்டும் பிடிக்கவில்லை, பயிற்சிக்கும் ஒத்துழைக்கவில்லை. "நீங்க ஒரு தடவை வந்து பாக்கறீங்களா மேடம்? உங்களுக்கு ஏதாவது தோணும்," என்றாள். நான் படித்தவளா, இதில் எனக்கு என்ன தெரியும் என்று மறுத்தேன். போனை வைத்ததும் கால் நிற்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

முதலில் நம் ஆட்களைத்தான் போட்டுப் பார்த்தேன். கிணத்துக்காரனைக் கேட்டதும் மனிதர் தலையணையால் காதை மூடிக்கொண்டார். பழைய கன்னடப் பாட்டுகள் போட்டேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி பாவம், ஒவ்வொரு தடவையும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்ப்பார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் கோபமாக வண்டியோட்டுவேன். இனிப் போவதில்லை என்று நினைப்பேன். மறுவாரம் போவேன்.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போகும்போது நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. பெங்களூர் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு ஒரு கண்டக்டர் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கேட்டிருப்போம். அன்றைக்குத்தான் அதில் மெட்டு இருப்பது காதில் விழுந்தது. ஒவ்வொரு ஊரும் ஒரு இழுப்பு, கடைசி ஊரில் ஒரு ஏற்றம்.

போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்று, பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் கூவினேன். "மண்டியா… மத்தூர்… சென்னபட்ணா… ராம்நகர்!" சுவர்ப்பக்கம் இருந்த முகம் திரும்பியது. மறுபடி கூவினேன். அவருடைய இடக்கை கட்டில் சட்டத்தைத் தட்டியது. பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவார்களே, அந்தத் தட்டு. நான் மூன்றாவது சுற்றில் மத்தூரைத் தாண்டும்போது, அந்த மெட்டிலேயே, கரடுமுரடான ஒரு குரல் பெரிதாகக் குறுக்கே வந்தது.

"சாக்கு! சாக்கு! சாக்கு!"

போதும், போதும் என்கிறார். பேச்சு போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவோடு சாய்ந்துவிட்டார். மனிதர் கண்ணை உருட்டி என்னைப் பார்த்து, கட்டிலை இன்னும் பலமாகத் தட்டி, மறுபடியும் "சாக்கு!" என்று பாடினார்.

நான் நிறுத்தவில்லை அக்கா. அடுத்தது சென்னபட்ணா.